பட்டர்வேர்ட் சட்டிக்குள் மாட்டெரு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழின் வீட்டுத்தோட்டப் பக்கத்தில் பூச்சி பிடிக்கும் செடிகள் பற்றி அண்மையில் வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். தமிழில் இந்த விஷயத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் பட்டர்வேர்ட் என்ற பூச்சி பிடிக்கும் செடி பற்றி அதில் வந்த ஐந்தாறு வரிகளைப் பேசாமல் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. பீற் (சதுப்பில் பாசி மக்கிப் படிந்த மண்) ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, மக்கிய மாட்டெரு ஒரு பங்கு என்று ஒரு கலவையைச் சொல்லி, பூச்சியுண்ணும் செடிகள் எல்லாவற்றுக்கும் இதுவே போதும் என்று எழுதியிருந்தது. குளிர்நாடுகளில் இருப்பவர்கள் பனிக்காலத்தில் சட்டியை வீட்டுக்குள் சூடான இடத்தில் வைக்க வேண்டும் என்றும் இருந்தது. இந்த இரண்டையும் நம்பி யாராவது செய்தால் செடி அடுத்த கோடையைப் பார்க்காது. நானே அப்படிச் சில செடிகளைக் கொன்றவள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் 1988 இல் நோர்வேயின் வடகோடியில் இருக்கும் பின்மார்க்குக்கு வந்தேன். போட்ஸ்பியோர்ட் என்ற கடற்கரை ஊரில் மீன் தொழிற்சாலை வேலை. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் பலர் அங்கேதான் நின்றார்கள். மீனில் முள் எடுக்கும் மேசையைச் சுற்றிப் பாதிப்பேர் யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசுவோம். என் பக்கத்தில் நின்று வேலை செய்த ஒரு நோர்வேஜியன் அம்மா, அப்போதே அறுபதை நெருங்கியவர், அடுத்த ஆண்டு யூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஊருக்குப் பின்னால் உள்ள மேட்டுக்குக் கூட்டிப்போனார். சூரியன் மறையாத மாதம். பாறையில் இருந்து தண்ணீர் கசிந்து ஓடும் இடத்தில் குனிந்து, மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில், நட்சத்திரமீனைத் தரையில் ஒட்டிவைத்ததுபோல் கிடந்த ஒரு செடியைக் காட்டினார். நடுவில் மெல்லிய தண்டு, அதன் நுனியில் ஊதாப்பூ ஒன்று, பூவின் பின்னால் சின்ன வால். "தெத்தேகிறாஸ்" என்றார். இலையைத் தொட்டுப் பார்த்தேன். வெண்ணெய் பூசிய விரலைத் தொட்டதுபோல் இருந்தது. இலை முழுக்கக் கொசுவைவிடச் சின்னப் பூச்சிகள் ஒட்டிச் செத்துக் கிடந்தன.

அதுதான் ஆங்கிலத்தில் பட்டர்வேர்ட். தாவரவியலில் பிங்குயிகுலா, கொழுப்பு என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் இருந்து வந்த பெயர். உங்கள் கட்டுரையில் இலை படக்கென்று மூடிக்கொள்ளும் என்று வந்திருந்தது. அது வேறொரு செடியின் வேலை. இதன் இலையில் இரண்டு விதமான சுரப்பிகள் உண்டு. காம்புள்ளவை பசையைச் சுரந்து பூச்சியைப் பிடிக்கும். இலையோடு ஒட்டிக் கிடப்பவை சமிபாட்டு நீரைச் சுரக்கும். இலையின் ஓரம் மட்டும் மெல்ல, மணிக்கணக்கில், உள்ளே சுருளும். 1875 இல் சார்ள்ஸ் டார்வின் இதைப் பொறுமையாக இருந்து பார்த்து எழுதியிருக்கிறார்.

அந்த அம்மாவின் பாட்டி பால்வாளியின் உட்பக்கத்தை இந்த இலையால் தேய்த்துவிட்டுப் பாலை ஊற்றுவாராம். பால் தடித்து, கரண்டியால் தூக்கினால் நூல்போல் இழுபடுமாம். "தெத்தே" என்பது அந்தத் தடிக்கிற பாலைச் சொல்கிறது. ஸ்கண்டிநேவியாவின் வடபகுதியான லாப்லாந்தின் தாவரங்கள் பற்றி 1737 இல் எழுதிய தாவரவியலாளர் லின்னேயசும் இந்தப் பால் பற்றிச் சொல்கிறார். பாலைத் தடிக்க வைப்பது லக்ரிக் அமில பக்ரீரியாக்கள் என்பது இன்று தெரியும். நோர்வேயின் ரோரொஸ் பகுதியில் இப்போதும் அந்த மாதிரித் தடித்த பாலை விற்கிறார்கள். எனக்கு அன்று அம்மாவின் உறைமோர்ச் சட்டிதான் ஞாபகம் வந்தது. ஒரு கரண்டி பழைய தயிரைக் கேட்டு அயல்வீட்டுக்குப் போய் வந்த பிள்ளை நான். இந்தச் செடியோடு எனக்கு ஒட்டுதல் வந்தது அந்த மேட்டில்தான்.

இனி மண்ணுக்கு வருகிறேன். நோர்வேயில் பட்டர்வேர்ட்டில் மூன்று இனம் உண்டு. மூன்றையும் அவை வளரும் இடத்தில் வைத்துப் பார்த்தவளுக்கு "எல்லாவற்றுக்கும் ஒரே கலவை" என்ற வரி நெஞ்சில் முள்போல் குத்தும்.

முதலாவது சாதாரணத் தெத்தேகிறாஸ், பிங்குயிகுலா வுல்காரிஸ். நாடு முழுக்க உண்டு. ஈரமான புல்வெளி, ஓடைக்கரை, கசியும் பாறை, வீதியோரக் கான் எங்கும் காணலாம். புளிப்பு மண்ணிலும் வளரும், சுண்ணாம்பு கரைந்து வரும் தண்ணீரிலும் வளரும். அதற்கு வேண்டியது ஓயாத ஈரமும், பக்கத்தில் உயரமான புல் வந்து மூடாத வெளிச்சமும்தான்.

இரண்டாவது மலைத் தெத்தேகிறாஸ், பிங்குயிகுலா அல்பினா. வெள்ளைப் பூ, தொண்டையில் மஞ்சள் பொட்டு. இதை நான் முதலில் பார்த்தது பின்மார்க்கின் பொர்சாங்கர் குடாவில், துரொல்ஹொல்ம்சுந் பக்கம். அங்கே கரையில் வெள்ளையாக நிற்கும் பெரிய கற்கள் டொலமைற் என்ற சுண்ணாம்பு வகைக் கல். பொன்னும் வெள்ளியும் நிறைந்த பெட்டியைத் தூக்கிவந்த பூதங்கள், விடிந்துவிட்டதால் கல்லாய்ப் போனதாக ஊர்க்கதை சொல்கிறது. நாங்கள் தென்னைக்குப் போடுகிற அதே டொலமைற்தான். அந்தக் கல் பொடிந்த ஈர மண்ணில் இந்த வெள்ளைப் பூக்கள் வரிசையாக நின்றன. இது சுண்ணாம்பை விரும்பும் செடி.

மூன்றாவது குள்ளத் தெத்தேகிறாஸ், பிங்குயிகுலா வில்லோசா. சின்ன விரல் நகத்தளவு இலை இரண்டு மூன்று, அவ்வளவுதான். பின்மார்க்கின் உட்பகுதியில் உள்ள கரஸ்யோக் பக்கத்துச் சதுப்பில் முழங்காலில் நின்று தேடித்தான் கண்டேன். உயிருள்ள ஸ்பக்னம் பாசி மேட்டின் தலையில் உட்கார்ந்திருந்தது. வேருக்குக் கீழே மண்ணே கிடையாது, பாசியும் புளித்த தண்ணீரும்தான். அங்கே ஒரு பிடி சுண்ணாம்பைக் கொட்டினால் முதலில் பாசி சாகும், பிறகு இது சாகும்.

ஒரே நாடு, ஒரே குடும்பம், மூன்று தரை. பூச்சியுண்ணும் செடி என்றாலே புளிப்பான பீற் என்று எழுதுகிறவர்கள் பட்டர்வேர்ட் இனங்களில் எத்தனையோ கற்சுவரில் ஒட்டி வாழ்பவை என்பதை மறந்துவிடுகிறார்கள். தெற்கு ஸ்பெயினின் கசோர்லா மலையில் சுண்ணாம்புப் பாறையில் தண்ணீர் வழியும் முகப்பில் தொங்கியபடி வளரும் ஒரு பட்டர்வேர்ட் கூட உண்டு.

நான் கொன்ற கதையையும் சொல்ல வேண்டும். 1999 இல் குடும்பத்தோடு ஒஸ்லோவுக்கு மாறினோம். தொடர்மாடி வீடு, கிழக்குப் பார்த்த பல்கனி. செடி வளர்ப்பவர் ஒருவரிடம் வுல்காரிஸ் நாலு வாங்கி, கடையில் வாங்கிய பூச்சட்டி மண்ணில் வைத்தேன். பையில் பீற் என்றுதான் போட்டிருந்தது. பசளையும் சுண்ணாம்பும் ஏற்கெனவே கலந்த பீற் அது என்பதைப் பின்பக்கத்துச் சின்ன எழுத்தில் நான் பார்க்கவில்லை. மூன்றாவது வாரம் மண்ணின் மேல் பச்சைப்படலம் பிடித்தது. இலை நுனி கறுத்தது. ஒரு மாதத்தில் நாலும் போய்விட்டன. பட்டர்வேர்ட்டின் வேர் மெல்லியது, குட்டையானது, வெள்ளை நூல்மாதிரி. செடியைப் பிடித்து வைக்கவும் தண்ணீர் உறிஞ்சவும் போதுமானது; உரச்சத்தைத் தாங்கும் வேர் அல்ல. நைதரசனை அது இலையால் சாப்பிடுகிறது. அதன் வேரில் மாட்டெரு வைப்பது, பால் குடிக்கிற பிள்ளைக்கு மிளகாய்த்தூள் சோறு ஊட்டுவதுபோல.

அடுத்த முறை மணலில் பிழைவிட்டேன். கடற்கரையில் அள்ளிய மணல். எத்தனை தரம் கழுவினாலும் சிப்பித்தூள் போகாது, உப்பு முழுதாகப் போயிற்றா என்றும் நம்ப முடியாது. கட்டட மணலிலும் சேற்றுத்தூள் இருக்கும். அது சட்டியின் அடியில் போய் இறுகிக் களியாகும். கழுவிய சிலிக்கா மணல், சீனியைவிடப் பருத்தது, அதுதான் வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு கரண்டி மணலில் வினாகிரி ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. அந்த மணலை வில்லோசாவுக்குத் தொடவும் கூடாது, அல்பினாவுக்குத் தாராளமாகப் போடலாம்.

இப்போது நான் வைக்கும் கலவை இது. வுல்காரிசுக்குப் பசளை சேராத பீற் ஒரு பங்கு, சிலிக்கா மணல் ஒரு பங்கு, சட்டிமண்ணை இலேசாக்கும் பேர்லைற் அல்லது வேர்மிகியுலைற் ஒரு பங்கு. கையில் அள்ளிப் பிசைந்தால் தண்ணீர் சொட்ட வேண்டும், கையை விரித்தால் உருண்டை உதிர வேண்டும். உதிராவிட்டால் மணலைக் கூட்டுவேன். வேருக்குத் தண்ணீரும் வேண்டும், காற்றும் வேண்டும். வெறும் பீற் இரண்டு கோடையில் அமுங்கிக் காற்றை அடைத்துவிடும். அல்பினாவுக்குப் பீற்றைக் குறைத்து, அந்த இடத்தில் பயறளவு உடைத்த டொலமைற் அல்லது சுண்ணாம்புக்கல் ஒரு பங்கு சேர்க்கிறேன். தூளாக அல்ல, கல்லாக. தூள் ஒரேயடியாகக் கரையும், கல் மெல்லக் கரையும். வில்லோசாவை வீட்டில் வைக்க நான் முயலவில்லை. அது தன் பாசி மேட்டில் இருக்கட்டும். காட்டில் நிற்கும் எந்தச் செடியையும் தோண்டி எடுத்து வராதீர்கள் என்றும் உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். வளர்ப்பவர்களிடம் விதையும் மொட்டும் கிடைக்கிறது.

சட்டி பிளாஸ்ரிக்காக இருக்கட்டும், வுல்காரிசுக்குப் பத்து சென்ரிமீற்றர் ஆழம் போதும். கோடையில் சட்டியைத் தட்டில் வைத்து, தட்டில் ஒரு சென்ரிமீற்றர் தண்ணீர் நிற்க விடுவேன். மழைத்தண்ணீர் அல்லது உருகிய பனி. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மேல் பிறந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொதித்த கேத்தலின் உள்ளே எத்தனை தடிப்பில் வெள்ளை படியும் என்று தெரியும். அந்தத் தண்ணீரைத் தட்டில் ஊற்றினால் ஒவ்வொரு நாளும் தண்ணீர் ஆவியாகும், உப்பு மட்டும் சட்டியில் சேர்ந்துகொண்டே போகும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் உப்புச் சேர்ந்த தண்ணீரைப் பாவிக்க வேண்டாம் என்பது வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் பொதுவான அளவு. சுண்ணாம்பை விரும்பும் அல்பினாவுக்கும் நான் மழைத்தண்ணீர்தான் ஊற்றுகிறேன். சுண்ணாம்பு கல்லில் இருந்து வரட்டும்.

பனிக்காலம் பற்றிக் கட்டுரை சொன்னதுதான் எனக்கு மிகவும் கவலை தந்தது. செப்ரெம்பர் கடைசியில் வுல்காரிசின் இலைகள் மங்கி, குழைந்து, அழுகும். வேரும் செத்துப்போகும். சட்டியில் ஒன்றும் இல்லாததுபோல் இருக்கும். என் இரண்டாவது முயற்சியில் இப்படித்தான் ஒக்ரோபரில் செடி செத்தது என்று நினைத்துச் சட்டியைக் குப்பையில் கொட்டினேன். அந்த வேலைத்தள அம்மாவுக்கு ரெலிபோனில் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது நித்திரை அல்லவா கொண்டது" என்றார். அந்தச் சொல் இன்றைக்கும் எனக்குள் இருக்கிறது.

அழுகிய இலைக்கு நடுவில் இறுக்கமாக மூடிய பச்சை மொட்டு ஒன்று இருக்கும். கடலை அளவு, சின்ன வெங்காயத்துக் குருத்துப்போல. குளிர்காலத்தை அந்த மொட்டாகத்தான் செடி கடக்கிறது. வேர் இல்லாததால் மண்ணில் சும்மா கிடக்கும். மழை அடித்தால் உருண்டுபோகும், மண் உறைந்து வீங்கினால் வெளியே தள்ளப்படும். அல்பினா மட்டும் வேரைக் காப்பாற்றிக்கொள்ளும். அதனால் அதற்கு ஆழமான சட்டி கொடுத்து, அடிக்கடி பிடுங்கி நடாமல் விட்டுவிட வேண்டும்.

இந்த மொட்டைச் சூடான அறையில் வைத்தால் ஒன்றில் பங்கசு பிடிக்கும், அல்லது நேரத்துக்கு முன் முளைத்து, வெளிச்சம் இல்லாமல் வெளிறிச் சாகும். மூன்று நாலு மாதக் குளிர் அதற்குக் கட்டாயம் வேண்டும். நான் பழைய ரிஜிபோம் மீன்பெட்டி ஒன்றில் சட்டிகளை அடுக்கிப் பல்கனியில் விடுகிறேன். பத்து பாகை உறைகுளிரையும் அவை தாங்கியிருக்கின்றன. ஒரேயடியாக உறைந்து கிடப்பதைவிட, உறைவதும் உருகுவதும் மாறிமாறி வருவதுதான் மொட்டுக்குக் கெடுதல். பெட்டி அதைக் கொஞ்சம் தடுக்கிறது, மேலே விழும் பனி இன்னும் நன்றாகத் தடுக்கிறது. வெளியே வைக்க வசதி இல்லாதவர்கள் மொட்டைக் கழுவி, பிழிந்தெடுத்த ஸ்பக்னம் பாசியில் பொதிந்து, பொலித்தீன் பையில் போட்டு பிறிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கலாம். மாதம் ஒருமுறை திறந்து பார்த்து, பூஞ்சணம் தெரிந்தால் அழுகிய செதிலை நீக்கிவிட வேண்டும். மார்ச்சில் எடுத்தால், பெரிய மொட்டைச் சுற்றி அரிசி அளவில் குட்டி மொட்டுகள் இருக்கும். அவற்றை ஊசி நுனியால் பிரித்து ஈரக் கலவையின் மேல் வைத்தால் ஒவ்வொன்றும் ஒரு செடி. அயர்லாந்தின் தென்மேற்கில், கெரி, கோர்க் பகுதிகளில் வளரும் பெரிய பூ இனமான கிறாண்டிபுளோரா இப்படி மிக அதிகமாகக் குட்டி போடும். புதிதாகத் தொடங்குபவர்கள் அதில் தொடங்குவது நல்லது.

பீற் பற்றி ஒரு கவலையும் எனக்கு உண்டு. சதுப்பில் அது ஆண்டுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர்தான் படிகிறது. என் சட்டி ஆழத்துக்குப் பீற் சேர நூறு ஆண்டு. உலக நிலப்பரப்பில் 3 சதவீதமளவே உள்ள பீற் நிலங்கள், உலகக் காடுகளின் மரஞ்செடிகள் எல்லாம் சேர்ந்து வைத்திருப்பதைவிடக் கூடுதலான காபனைப் பிடித்து வைத்திருக்கின்றன. இந்தச் செடிகளின் வீடே அந்தச் சதுப்புத்தான். வீட்டை வெட்டிச் சட்டியில் போட்டு அதிலே செடியை வளர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் மூன்று ஆண்டுகளாக நாலு சட்டியில் இலங்கையில் இருந்து வரும் தும்புத்தூளைப் பீற்றுக்குப் பதிலாக வைத்துப் பார்க்கிறேன். தேங்காய் மட்டையிலேயே உப்பும் பொற்றாசியமும் உண்டு. களப்புத் தண்ணீரில் ஊறவிட்ட மட்டை என்றால் இன்னும் கூட. எனவே மழைத்தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, பிழிந்து, மறுபடி ஊறவைத்து, ஆறு தரம் செய்கிறேன். தும்புத்தூள் சட்டியில் செடிகள் கொஞ்சம் சிறியவை, ஆனால் மூன்று கோடையும் பூத்தன. பீற் சட்டி வாடாத வெயிலில் தும்புத்தூள் சட்டி மேலே காய்ந்துவிடுகிறது, அதைக் கவனிக்க வேண்டும். கலவையில் பாதிக்கு மேல் மணலும் பேர்லைற்றும் என்பதால் பட்டர்வேர்ட் இந்த மாற்றத்துக்கு மற்றப் பூச்சியுண்ணிகளைவிட எளிதில் ஒத்துவரும் என்று நினைக்கிறேன்.

கடைசியாக, ஊரில் இருப்பவர்களுக்கு. என் அண்ணன் மகள் யாழ்ப்பாணத்தில் இருந்து, "மாமி, அந்த ஊதாப்பூச் செடி எனக்கும் வேணும்" என்று கேட்கிறாள். அவளுக்கு நான் அனுப்பவில்லை. 25 பாகைக்கு மேல் வெயில் ஏறினாலே வாடுகிற, நாலு மாதக் குளிர் இல்லாமல் உயிர் வாழாத செடியை அங்கே அனுப்புவது அதைக் கொல்ல அனுப்புவது. ஆனால் இதே குடும்பத்து உறவு அவளுடைய வயல்வெளியிலேயே இருக்கிறது. யூட்ரிகுலேரியா பட்டர்வேர்ட்டின் நேரடிச் சொந்தம். மாரியில் நீர் நிற்கும் இடத்தில் மஞ்சளாயும் ஊதாவாயும் பூக்கும், மண்ணுக்குள்ளோ தண்ணீருக்குள்ளோ இருக்கும் சின்னப் பைகளால் பூச்சி பிடிக்கும். பக்கத்திலேயே பசைத்துளி தாங்கிய சிவப்பு ட்ரொசெரா என்ற பூச்சி பிடிக்கும் செடியும் நிற்கலாம். மழை விட்டபின் முழங்காலில் இருந்து தேடிப்பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கண்டால் படம் மட்டும் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் அடுத்த ஞாயிறு வீட்டுத்தோட்டப் பக்கத்தில் ஒரு மூலையிலாவது அந்தக் கலவையில் இருந்து "மக்கிய மாட்டெரு" என்பதை நீக்கித் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். ஐரோப்பாவிலும் கனடாவிலும் உங்கள் பத்திரிகையை வாசிப்பவர்கள் பலர். இது நவெம்பர். இந்த வாரம் யாரோ ஒருவர் வெறுமையாகத் தெரியும் ஒரு சட்டியைக் குப்பைக்குக் கொண்டுபோகலாம். கொட்டுவதற்கு முன் விரலால் மண்ணைக் கிளறி, கடலை அளவு பச்சை மொட்டு கிடக்கிறதா என்று பார்க்கும்படியும் அதே திருத்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் மீன்தொழிற்சாலைத் தொழிலாளி,
ஒஸ்லோ, நோர்வே